மாட்டுத் தொழுவத்தில் பயிர் நோய் படித்தவர்

தொட்டியம் பக்கம் வாழை வெட்டி முடித்த தோட்டத்தில் ஆட்டுக்கிடை போடலாமா கூடாதா என்ற பேச்சு உங்கள் ஊர் டீக்கடையிலும் அடிபட்டிருக்கும். ஒருவர், கிடை போட்டால் அடுத்த பயிருக்கு உரமே வேண்டாம் என்பார். இன்னொருவர், போன முறை ரஸ்தாளியில் வாடல் வந்த நிலம் அது, ஆட்டை உள்ளே விட்டால் குளம்பில் ஒட்டி அடுத்த வயலுக்கும் போகும் என்று தடுப்பார். இரண்டு பேருமே அனுபவத்தில் பேசுகிறவர்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

மேய்கிற கால்நடைக்கும் பயிரைத் தாக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்த ஒருவர் உண்டு. இயற்கை விவசாயக் கூட்டங்களில் அவர் பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஆல்பர்ட் ஹோவர்ட். கம்போஸ்ட் குழி வெட்டச் சொன்ன வெள்ளைக்காரர் என்ற அளவில் பலரும் அவரை நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் படித்ததும் முதலில் சம்பளம் வாங்கியதும் பயிர் நோய்க்காக என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பூஞ்சையைத் தேடிக் கிளம்பிய மனிதர் மாட்டுத் தொழுவத்தில் வந்து நின்ற கதை இது. அவர் சொன்னதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. எடுத்துக்கொள்ளக் கூடாததும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிடலாம்.

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில் ஷ்ராப்ஷயர் என்று ஒரு பகுதி. அங்கே பிஷப்ஸ் காசில் என்ற சிற்றூரில் 1873 டிசம்பர் 8-ஆம் தேதி ஹோவர்ட் பிறந்தார். தந்தை விவசாயி. ஆடு மாடும் பயிரும் ஒரே வீட்டில் இருந்த பிழைப்பு அது. பிள்ளை நன்றாகப் படித்தது. லண்டனில் அறிவியல் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் என்று போய், முதல் வகுப்பில் தேறினார்.

1899-இல் மேற்கிந்தியத் தீவுகளில் வேலை கிடைத்தது. பார்படோஸ் தீவில் இருந்துகொண்டு கரும்பு முதலான பயிர்களின் பூஞ்சை நோய்களை ஆராய வேண்டும். நுண்ணோக்கியில் பார்ப்பார், படம் வரைவார், பெயர் எழுதுவார், மருந்து சொல்வார். இந்த வேலையில் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. தன் கையில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. தான் சொல்லும் மருந்தைத் தானே ஒரு முறையாவது போட்டுப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஆள், காலமெல்லாம் கரும்பு வைத்தவனுக்குப் புத்தி சொல்வது சரியா என்று அவருக்கே உறுத்தியது. விரிவாக்கப் பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த உறுத்தல் புரியும்.

மூன்றாண்டுகளில் ஊர் திரும்பினார். கென்ட் பகுதியில் வை வேளாண் கல்லூரியில் தாவரவியல் வேலை. அங்கே பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் கொடியை எடுத்துக்கொண்டார். அதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் கொடியையும் கூட வளர்த்து மகரந்தம் கிடைக்கச் செய்தால் காய் விரைவாகத் திரள்கிறது, அசுவினியும் சாம்பல் நோயும் குறைகின்றன என்று கண்டார். செடிக்கு அதன் இயல்பைத் திருப்பிக் கொடுத்தால் நோய் பின்வாங்குகிறது என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது அங்கேதான்.

1905-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். பீகாரில் இன்றைய சமஸ்திபூர் மாவட்டத்தில் பூசா என்ற இடத்தில் புதிதாக வேளாண் ஆராய்ச்சி நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் நன்கொடை அதற்குக் கைகொடுத்தது. 1934 பூகம்பத்தில் கட்டடம் சிதைந்த பிறகு நிலையம் டெல்லிக்குப் போனது. இன்றும் டெல்லியில் அந்த இடத்துக்குப் பூசா என்றே பெயர். அங்கே ஹோவர்டுக்குப் பொருளாதாரத் தாவரவியலர் பதவி. அதே ஆண்டு கேப்ரியல் மத்தாய் என்ற தாவர அறிவியலரை மணந்தார். கேப்ரியல் கணவருக்கு இணையாக வயலில் நின்றவர். கோதுமை ஆராய்ச்சி முழுவதும் இருவர் பெயரிலும் வந்தது. பூசா 4, பூசா 12 என்ற கோதுமை ரகங்கள் அந்த வீட்டிலிருந்து வந்தவைதாம். பின்னாளில் அரசாங்கமே அந்த அம்மையாரையும் அதே துறையில் அதிகாரியாக நியமித்தது.

பூசாவுக்கு வந்ததும் ஹோவர்ட் கேட்ட முதல் பொருள் நிலம். பார்படோஸ் உறுத்தல் அவரை விடவில்லை. சுமார் 75 ஏக்கர் வேண்டும், அதில் என் இஷ்டப்படி பயிர் செய்வேன் என்றார். இழுபறிக்குப் பிறகு கிடைத்தது. மருந்தடிப்பதில்லை என்று முடிவு செய்தார். நோய் வந்தால் வரட்டும், ஏன் வந்தது என்று பார்ப்போம் என்பது அவர் எண்ணம். சுற்றியிருந்த கிராமங்களை நடந்து பார்த்தார். அங்கே யாரிடமும் மருந்து இல்லை, தெளிப்பான் இல்லை. பயிர் மட்டும் பெரிதாக நோயில்லாமல் இருந்தது. இதைப் பார்த்த பிறகு, பூச்சியையும் பூஞ்சையையும் எதிரியாக எண்ணுவதை விட்டு, எங்கே தவறு என்று சுட்டிக்காட்டும் வாத்தியாராக எடுத்துக்கொண்டார். அந்த ஊர் உழவர்களையும் அதே வரிசையில் வைத்தார்.

அதே வளாகத்தில் இன்னொருவர் இருந்தார். எட்வின் பட்லர். இந்தியப் பயிர் நோயியலுக்கு அடித்தளம் போட்டவர். துவரையில் வரும் வாடல் நோயைப் பிரித்து ஆராய்ந்து, மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை வேர் வழியாக ஏறித் தண்ணீர்ப் பாதையை அடைப்பதால்தான் செடி வாடுகிறது என்று காட்டியவர் அவர். நம்முடைய வாழை வாடலும் அதே ஃபுசேரியம் இனத்துப் பூஞ்சையால் வருவது. நோய்க்கு ஒரு கிருமி உண்டு, அதைக் கண்டுபிடி என்பது பட்லர் வழி. செடி ஏன் அந்தக் கிருமிக்கு இடம் கொடுத்தது என்று கேள் என்பது ஹோவர்ட் வழி. ஒரே வளாகம், இரண்டு பார்வை. நூறு ஆண்டு கழித்தும் இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் நம் வயல் கிடக்கிறது.

இப்போது மாட்டுக்கு வருவோம். 75 ஏக்கரை உழ ஹோவர்டுக்கு ஆறு ஜோடி எருது தேவைப்பட்டது. நிலையத்தின் பொது மாட்டுக் கூட்டத்தில் சேர்க்காமல் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். கிடைக்கச் சற்று நாளானது. மாடுகளைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்தார். நல்ல தொழுவம் கட்டினார். தன் நிலத்தில் விளைந்த பசுந்தீவனமும் பதனத் தீவனமும் தானியமும் கொடுத்தார். தடுப்பூசி போடவில்லை. நோய் கண்ட மாட்டிலிருந்து ஒதுக்கியும் வைக்கவில்லை.

அவருடைய மேய்ச்சல் நிலத்துக்கும் பக்கத்துத் தொழுவத்துக்கும் நடுவில் தாழ்ந்த வேலி ஒன்றுதான். அந்தப் பக்கத்து மாடுகளுக்கு அடிக்கடி கோமாரி வரும். வாயில் எச்சில் ஒழுக நிற்கும் மாட்டோடு தன் எருதுகள் வேலிக்கு மேலே மூக்கை உரசிக்கொண்டு நிற்பதை அவர் பல முறை பார்த்தார். ஓடிப்போய் விரட்டவில்லை. என்ன ஆகிறது என்று காத்திருந்தார். எருதுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த ஒரு காட்சி அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. நல்ல மண்ணில் விளைந்த பயிர் நோயை எதிர்த்து நிற்கிறது. அந்தப் பயிரைத் தின்ற மாடும் நிற்கிறது. அப்படியானால் மண், பயிர், மாடு, மனிதன் நான்கின் ஆரோக்கியமும் ஒரே கயிறுதானே என்று எண்ணத் தொடங்கினார். பிறகு குவெட்டாவிலும் இந்தூரிலும் இதையே செய்து பார்த்தார். இந்தூரில் தொடக்கத்தில், நிழலும் தீவனமும் போதாத நேரத்தில் சில மாடுகளுக்கு லேசாகக் கோமாரி கண்டதையும், தீனி சரியானதும் தேறியதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டுக் கோமாரித் தடுப்பூசியை யாரும் விட்டுவிட வேண்டாம். கோமாரி ஒரு வைரஸ் நோய். காற்றிலும் பரவும். ஹோவர்ட் செய்தது கண்ணால் பார்த்த அனுபவம். சரிபாதி மாட்டை ஒரு விதமாகவும் மீதியை வேறு விதமாகவும் வைத்து ஒப்பிட்ட சோதனை இல்லை. அந்த எருதுகள் முன்பே லேசாக நோய் வந்து தேறியவையாகக்கூட இருந்திருக்கலாம். நல்ல தீனி தின்ற மாடு நோயைச் சீக்கிரம் கடக்கும் என்பது உண்மை. ஊசி வேண்டாம் என்பது அதிலிருந்து வரும் முடிவாகாது. ஊருக்குக் கால்நடை மருத்துவர் வரும் நாளில் எல்லா மாட்டையும் அவிழ்த்துக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

குவெட்டா கதை சுருக்கம். இன்றைய பாகிஸ்தானில் உள்ள அந்த மலை நகரத்தில் 1910-இலிருந்து பல கோடைகள் பழத்தோட்டம் வைத்து ஆராய்ந்தார்கள் கணவனும் மனைவியும். தண்ணீரை அளவுக்கு மேல் பாய்ச்சி மண்ணில் காற்றோட்டம் அடைபட்டால் பீச் மரத்தில் அசுவினி ஏறுகிறது, மண்ணைக் கொத்திக் காற்று விட்டால் புதுத் துளிரில் அது ஏறுவதில்லை என்று கண்டார்கள். ஆற்றுப் பாசனத்தில் வாழை வைக்கும் நீங்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். வடிகால் இல்லாத வாழைக்கு என்ன வரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1924-இல் இந்தூரில் பயிர்த் தொழில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கி அதன் தலைவரானார். கரிசல் பூமி, பருத்திச் சீமை. முந்நூறு ஏக்கர் நிலம், இருபது ஜோடி எருதுகள். இங்கேதான் அவர் பெயர் நிலைத்தது. கம்போஸ்ட் செய்யும் இந்தூர் முறை இங்கே உருவானது. யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலர் உடன் உழைத்தார். 1931-இல் வந்த புத்தகத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. நாம் ஹோவர்டை நினைக்கும்போது வாட் பெயரை மறந்துவிடுகிறோம், அது சரியில்லை.

இந்தூர் முறை குழியில் தொடங்குவதில்லை. தொழுவத்தில் தொடங்குகிறது. தொழுவத்தின் தரை மண் தரை. பருத்தி மிளாறு, களை, கரும்புச் சோகை, உதிர்ந்த இலை, தின்று கழித்த தட்டை எல்லாவற்றையும் கலந்து இரவில் மாட்டுக்குப் படுக்கையாகப் போடுவார்கள். பருத்தி மிளாறு கடினமானது என்பதால் அதை முதலில் வண்டிப் பாதையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரமே நசுக்கிக் கொடுக்கும். காசு செலவில்லாத அரவை இயந்திரம்! காலையில் சாணியும் மூத்திரமும் தோய்ந்த அந்தப் படுக்கையை அள்ளிக் குழிக்குக் கொண்டுபோவார்கள். மூத்திரம் ஊறிய தரை மண்ணையும் அவ்வப்போது வெட்டி எடுத்துப் புது மண் போடுவார்கள். அந்த மூத்திர மண்ணும் அடுப்புச் சாம்பலும் குழியில் அடுக்குக்கு அடுக்கு தூவப்படும்.

குழி 30 அடி நீளம், 14 அடி அகலம், ஆழம் அதிகமில்லை. சரிந்த கரை. ஏறி மிதித்து இறுக்கக் கூடாது, காற்று போக வேண்டும். முதல் சில நாட்களில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். மூன்று முறை புரட்டுவார்கள். ஓரத்தில் கிடந்தது நடுவுக்கு வர வேண்டும். மூன்று மாதத்தில் உரம் தயார்.

அந்தச் சூடும் அந்தப் புரட்டலும்தான் பயிர் நோய்க்கு முக்கியம். ஏன் என்று பாருங்கள். நோய் கண்ட இலையை மாடு தின்கிறது. பெரும்பாலான பூஞ்சை வித்துகள் வயிற்றிலேயே அழிந்துபோகும். ஆனால் தடித்த தோல் கொண்ட சில வித்துகளும் கடினமான பூஞ்சைக் கட்டிகளும் குடலைத் தாண்டி உயிரோடு சாணியில் வந்துவிடும். பச்சைச் சாணியை நேராக வயலில் கொட்டினால் அவையும் கூடவே போகும். குழியில் வெந்து, புரண்டு, மீண்டும் வெந்த சாணியில் அவற்றுக்குப் பிழைப்பது கடினம். ஓரத்தில் சூடு ஏறாமல் கிடந்த பகுதியைப் புரட்டாமல் விட்டால் அந்தப் பலன் இல்லை. நம் ஊரில் குப்பைக் குழி இல்லாத வீடு இல்லை. ஆனால் வருடம் முழுக்கக் கொட்டிவிட்டு ஆடியில் அள்ளுகிறோமே தவிர, நடுவில் ஒரு முறையாவது புரட்டுகிறவர் எத்தனை பேர்?

1930-இல் கேப்ரியல் காலமானார். இருபத்தைந்து ஆண்டு கூட உழைத்த துணை. அடுத்த ஆண்டு ஹோவர்ட் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். கேப்ரியலின் தங்கை லூயிஸை மணந்தார். கணவருடைய இந்திய வேலையைப் பிற்பாடு ஒரு நூலாக எழுதி வைத்தவர் இந்த லூயிஸ்தான். 1934-இல் சர் பட்டம் வந்தது.

ஓய்வுக்குப் பிறகுதான் அவர் புல்வெளியைக் கூர்ந்து பார்த்தார். தெற்கு இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியில் சுண்ணாம்புக் குன்றுகள் உண்டு. மண் மெலிந்து, புல் சிறுத்து, யாருக்கும் வேண்டாமல் கிடந்த மேய்ச்சல் நிலம். அங்கே ஹோசியர் என்ற விவசாயி 1920-களில் ஒரு காரியம் செய்தார். பால் கறக்கும் கொட்டகைக்குச் சக்கரம் வைத்தார். மாட்டைக் கொட்டகைக்கு ஓட்டி வருவதற்குப் பதில் கொட்டகையை மாட்டிடம் இழுத்துப் போனார். தினமும் இடம் மாறும். சாணியும் மூத்திரமும் ஓரிடத்தில் குவியாமல் குன்று முழுக்கப் பரவும். சில ஆண்டுகளில் புல்லின் தரமே மாறியது. ஹோவர்ட் இதைப் பாராட்டி 1940-இல் வந்த தன் பெரிய நூலில் எழுதினார்.

படித்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். நம் கீதாரிகள் சக்கரம் இல்லாமல் செய்வது அதுதானே. பட்டியைத் தூக்கி ஒரு நாள் இங்கே, மறு நாள் அங்கே என்று கிடை மாற்றுவதைத் தமிழ்நாட்டில் யாரும் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஆட்டு எரு அந்த வருடமே பலன் காட்டும், மாட்டு எரு மறு வருடம் காட்டும் என்று பெரியவர்கள் கணக்குச் சொன்னதும் இந்த அனுபவத்தில்தான்.

மேய்ச்சல் எப்படி நோயைக் குறைக்கிறது என்பதை ஹோவர்ட் மண் வழியாக மட்டும் பார்த்தார். மண்ணில் மக்கு, மக்கில் வேரோடு கைகோத்து வாழும் நன்மை செய்யும் பூஞ்சை, அதனால் செடிக்குத் திடம் என்பது அவர் சங்கிலி. அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் சில வழிகளைச் சேர்த்திருக்கிறார்கள். துருவும் இலைப்புள்ளியும் கீழே உள்ள முதிர்ந்த இலையில்தான் முதலில் பெருகும். ஆடு மாடு அந்த இலையைத் தின்றுவிட்டால் வித்து மூட்டை குறைகிறது. புல் அடர்த்தி குறைவதால் காலைப் பனி சீக்கிரம் காய்கிறது. இலை நனைந்தே கிடக்கும் நேரம் குறைந்தால் பூஞ்சைக்கு முளைக்க வாய்ப்புக் குறைவு.

நம் மேட்டு நிலத்துக்கு நேராகப் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கம்பில் தேன் ஒழுகல் நோய் தெரியும். பூக்கும் நேரத்தில் கதிரிலிருந்து பிசுபிசுப்பான நீர் வடிந்து, பிறகு தானியத்துக்குப் பதில் கறுத்த கட்டி நிற்கும். அதற்குக் காரணமான பூஞ்சை கொழுக்கட்டைப் புல்லிலும் தங்கும். வரப்பில் நிற்கும் கொழுக்கட்டைப் புல் பூவெடுத்து நோய் பிடித்தால் அங்கிருந்து கம்புக்குத் தாவலாம். இந்தப் பூஞ்சை நுழைவது பூ வழியாக. பூ வருமுன் ஆடு மேய்ந்துவிட்டால் அதற்கு வாசலே இல்லை. கம்பு விதைக்கும் பருவத்தில் வரப்புப் புல்லைப் பூக்க விடாமல் மேய்த்து வையுங்கள் என்பதற்கு இதுதான் காரணம். பிந்திவிட்டால் கதை தலைகீழ்: கறுத்த கட்டி பிடித்த கதிரையும் புல்லையும் மேய விடக் கூடாது, அந்தக் கட்டியில் நஞ்சு இருக்கிறது. விதைக் கம்பில் கட்டி கலந்திருந்தால் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சமையல் உப்பைக் கரைத்து அதில் விதையைக் கொட்டுங்கள். கட்டி மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை விதையை அலசி நிழலில் உலர்த்துங்கள்.

மேய்ச்சல் நோயைக் கூட்டிவிடும் இடங்களும் உண்டு. ஹோவர்ட் இதை அதிகம் பேசவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புல்வெளியை ஒரு பக்கம் வேலி போட்டு அடைத்து, மறு பக்கம் மேயும் விலங்குகளுக்குத் திறந்து விட்டு ஒப்பிட்டார்கள். பார்லியையும் புல் வகைகளையும் மஞ்சளாக்கிக் குட்டையாக்கும் ஒரு வைரஸ், விலங்கு மேய்ந்த பக்கத்தில்தான் அதிகம் இருந்தது. மேய்ச்சலால் புல் வகைகளின் கலவை மாறிவிட்டதே காரணம். வைரஸுக்கும் அதைச் சுமக்கும் அசுவினிக்கும் பிடித்த புற்கள் மிஞ்சிவிட்டன. நியூசிலாந்தில் வேறு விதம். அங்கே புல்லின் அடியில் கிடக்கும் காய்ந்த சருகில் ஒரு பூஞ்சை வளரும். ஆட்டை ஒட்ட ஒட்ட மேய விட்டால் சருகோடு வித்தையும் தின்று ஈரல் கெடும். பிறகு வெயில் பட்டால் முகத்தோல் புண்ணாகிவிடும். அங்குள்ள விவசாயிகள் ஆபத்தான மாதங்களில் அடிவரை மேய விடாமல் தூக்கி மேய்க்கிறார்கள்.

ஆக, எத்தனை நாள், எவ்வளவு உயரம் வரை, எந்தப் பருவத்தில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொங்கு நாட்டுக் கொறங்காட்டில் வேலி போட்டுப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கிறார்களே, அந்த ஒழுங்குக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பது என் எண்ணம்.

சரி, தொட்டியம் தோட்டத்துக்குத் திரும்புவோம். கிடை போடலாமா?

வாடல் காணாத நிலம் என்றால், தாராளமாகப் போடுங்கள். சோளத்தட்டை வெட்டிய மேட்டு நிலம், கடலை பறித்த நிலம், நோயில்லாத வாழை வெட்டிய நிலம் எல்லாம் கிடைக்கு ஏற்றவை. கிடை எடுத்ததும் காயவிடாமல் உழுது மண்ணில் சேர்த்துவிடுங்கள்.

வாடல் கண்ட வாழை நிலம் என்றால் ஹோவர்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பட்லரைக் கேட்க வேண்டும். வாழை வாடல் பூஞ்சையின் தடித்த வித்துகள் வாழை இல்லாமலேயே மண்ணில் பல்லாண்டு கிடக்கும். மண் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும்: கன்றுக் கிழங்கில், பாசன நீரில், மண்வெட்டியில், டிராக்டர் சக்கரத்தில், செருப்பில், குளம்பில். ஆஸ்திரேலியாவில் நோய் கண்ட வாழைத் தோட்டத்துக்குள் காட்டுப் பன்றியும் மாடும் புகாமல் வேலி போடுவதற்கு இதுவே காரணம். எவ்வளவு சாணி போட்டாலும் அந்த வித்து முழுவதுமாக அழியாது. நல்ல மக்கு மண்ணில் நோய் மெதுவாகலாம், நன்மை செய்யும் நுண்ணுயிர் பெருகி அதை அடக்கி வைக்கலாம். அந்த அளவில் ஹோவர்ட் சரி. வராமலே தடுக்கும் என்று நம்பி ஆட்டை விட்டுவிட முடியாது.

அதிலும் இப்போது புது வகை ஒன்று வந்திருக்கிறது. பழைய வாடல் ரஸ்தாளி போன்ற ரகங்களைத் தாக்கும், ஜி-9 தப்பிக்கும். டி.ஆர்.4 என்று சொல்லப்படும் புது வகை ஜி-9 ரகத்தையே சாய்க்கிறது. இந்தியாவில் அது கண்டறியப்பட்ட மாநிலங்களில் ஒன்று பீகார், ஹோவர்டும் பட்லரும் வேலை பார்த்த அதே பீகார். ஆகவே வாடல் கண்ட தோட்டத்தில் மரத்தைக் கிழங்கோடு அங்கேயே அழியுங்கள், தண்டையும் கிழங்கையும் மாட்டுக்கு வெட்டிப் போடாதீர்கள், வெளியே இழுத்துப் போய்க் குப்பைக் குழியிலும் கொட்டாதீர்கள். கீதாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்களிடமிருந்து அவர் போவது பக்கத்து வீட்டுக்காரர் நிலத்துக்குத்தான். சந்தேகமான மரம் இருந்தால் திருச்சி தாயனூர் அருகே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முதலில் அவர்களிடம் தகவல் சொல்லி, மாதிரியை எப்படி எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக மரத்தை வெட்டி பஸ்ஸில் தூக்கிப் போக வேண்டாம்.

ஹோவர்டின் கடைசிக் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 1937-38 குளிர்காலத்தில் மீண்டும் இந்தப் பக்கம் வந்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். கவாத்துக் கழிவும் மாட்டுச் சாணியும் சேர்த்து உரம் செய்வது அங்கே பரவியிருந்தது. அந்தத் தோட்டங்களில் குழி வெட்டி, சுமந்து, புரட்டியவர்களில் பெரும் பகுதி தமிழ்த் தொழிலாளர்கள் என்பதை அவர் நூலைப் படிக்கும்போது நாம் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் அவருக்கு நண்பர்களும் இருந்தார்கள், கடும் எதிரிகளும் இருந்தார்கள். ரசாயன உரம் வேண்டாம் என்று அவர் சொன்னது விஞ்ஞானிகள் பலருக்குப் பிடிக்கவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. வாதம் என்று வந்தால் எதிராளி சொல்வதில் உள்ள நியாயத்தையும் தள்ளிவிடுவார். எல்லா நோய்க்கும் மண்ணின் பலவீனமே காரணம் என்று அவர் அடித்துச் சொன்னது அளவுக்கு மீறியது. ஆனாலும் அமெரிக்காவில் ரொடேல் என்பவர் 1942-இல் இயற்கை விவசாயத்துக்கென்றே பத்திரிகை தொடங்கியதற்கு ஹோவர்டின் எழுத்துதான் தூண்டுதல். 1945-இல் ஆரோக்கியமும் நோயும் பற்றி இன்னொரு நூல் எழுதினார்.

லண்டன் அருகே பிளாக்ஹீத் என்ற இடத்தில் அவருக்கு வீடு. அதை வாங்கும்போது தோட்டத்து மண் செத்துக் கிடந்தது. ஆப்பிள் மரம் முழுக்கப் பூச்சி. மருந்து அடிக்காமல் ஆண்டுக்கு ஆண்டு மக்கு போட்டு வந்தார். மூன்று ஆண்டில் பூச்சி ஒதுங்கியதாக எழுதியிருக்கிறார். இந்தியா விடுதலை அடைந்து இரண்டு மாதம் கழித்து, 1947 அக்டோபர் 20-ஆம் தேதி, அந்த ஊரிலேயே காலமானார். வயது எழுபத்து மூன்று.